வாளேந்திய சிறுவனும் என் மருமகனும்

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன், ஜப்பானியர் தயாரித்த சித்திரத் தொடர் ஒன்றை, அதுவும் இரத்தம் தெறிக்கும் தொடரை, 48 பாகங்களும் உட்கார்ந்து பார்த்து முடித்தான் என்றால் உங்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சென்ற ஆண்டு வரை அப்படி முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன்.

பார்க்க வைத்தவன் என் தங்கையின் மகன். 16 வயது. அவனுடைய வாப்பா, என் மச்சான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸுப்ஹுத் தொழுகைக்குச் சைக்கிளில் சென்றபோது சரக்கு வேன் ஒன்று மோதி மௌத்தாகிவிட்டார். வேனை ஓட்டி வந்தவர் இரவெல்லாம் கண் விழித்து ஓட்டியவராம். நிறுத்திப் பார்க்காமல் போய்விட்டு, மறுநாள் மாலை தாமே காவல் நிலையத்துக்கு வந்தார். சில வாரங்களில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். அன்று முதல் என் மருமகன் வாய் திறந்து பேசுவதே அரிதாயிற்று.

"காக்கா, பிள்ளை விடிய விடிய வெட்டுக் குத்துப் படமாகவே பார்க்கிறான். நீங்கள் வந்து புத்தி சொல்லுங்கள்" என்று தங்கை அழைத்தாள். சென்றேன். கைப்பேசியைப் பறித்து வைத்துக்கொண்டு, ஸப்ரைப் பற்றி அரை மணி நேரம் உபதேசம் செய்தேன். அவன் தலை குனிந்து கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, நீங்கள் அதைப் பார்த்தீர்களா?"

"நான் ஏன் பார்க்க வேண்டும்?" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே உறுத்தியது. சாட்சி கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று அந்த வாரம்தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். ஆகவே கைப்பேசியை அவன் கையில் கொடுத்து, "முதலிலிருந்து போடு" என்றேன். இஷாவுக்குப் பின் நாள்தோறும் இரண்டு பாகம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

தொடரின் பெயர் 'வின்லாண்ட் சாகா'. மகோத்தோ யுகிமுரா என்பவர் 2005ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரை இருபது ஆண்டுகள் வரைந்த சித்திரக் கதை அது. 2019இல் 24 பாகங்களும், 2023இல் 24 பாகங்களுமாகத் தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தைச் சூறையாடிய வைகிங் என்னும் வடபுலக் கடற்கொள்ளையரைப் பற்றியது.

இளங்கலை வகுப்பில் வரலாறு படித்தவன் நான். கடலலையை நிற்கச் சொன்ன கனூட் மன்னரின் கதையை எழுதி மதிப்பெண் வாங்கியது நினைவிருக்கிறது. அவர் இதில் பயந்த சுபாவமுடைய இளவரசராக வருகிறார். நம்மவர்களுக்கும் இந்த வடபுலத்தார் அந்நியர் அல்லர். 921ஆம் ஆண்டு பக்தாதிலிருந்து அப்பாஸிய கலீஃபாவின் தூதுக் குழுவோடு புறப்பட்ட இப்னு ஃபள்லான், வோல்கா ஆற்றங்கரையில் இவர்களின் இனத்தாரைக் கண்டு, பேரீச்ச மரம் போன்ற அவர்களின் உயரத்தையும், அவர்களுடைய அசுத்தத்தையும், இறந்த தலைவனோடு ஓர் அடிமைப் பெண்ணைக் கொன்று படகில் வைத்து எரித்த கொடுமையையும் எழுதி வைத்திருக்கிறார். இதை நான் சொன்னபோது என் மருமகன் படத்தை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டான். இரண்டு ஆண்டுகளில் என் பேச்சை அவன் விரும்பிக் கேட்டது அன்றுதான்.

இனிக் கதைக்கு வருவோம். ஐஸ்லாந்துத் தீவில் தோர்ஸ் என்றொரு மனிதர். ஒரு காலத்தில் பெரும் போர்வீரர்; கொலைத்தொழில் வெறுத்து ஓடி வந்து மனைவி மக்களோடு உழைத்துப் பிழைப்பவர். அவர் மகன் தோர்ஃபின். மகன் கண் முன்னே, அஸ்கெலாட் என்ற கொள்ளைத் தலைவனின் கூட்டம் தோர்ஸை அம்பெய்து கொன்றுவிடுகிறது. ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் அவர் வென்ற பிறகு, மகனுடைய உயிருக்காகவும் உடன் வந்தவர்களுடைய உயிருக்காகவும் அவர் வாளைக் கீழே போட்ட பிறகு, கொல்கிறார்கள். அந்தச் சிறுவன் பழி வாங்குவதற்காகக் கொலைகாரனின் கூட்டத்திலேயே சேர்ந்து வளர்கிறான். இட்ட வேலையை முடித்தால் அஸ்கெலாட்டோடு வாட்சண்டை இடலாம் என்பது ஒப்பந்தம். இட்ட வேலை என்பது என்ன? பிறருடைய வாப்பாமார்களைக் கொல்வது.

இந்த இடம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம் திரைப்படங்களிலும் தந்தையைக் கொன்றவனைத் தேடும் மகன்கள் உண்டு. அவர்களுடைய கைக்கத்தி கடைசிக் காட்சி வரை கெட்டவர்களை மட்டுமே தொடும். தோர்ஃபின் அப்படியல்லன். கரையொதுங்கிய அவனை ஓர் ஆங்கிலேயத் தாய் வீட்டுக்குள் மறைத்து வைத்து, உணவளித்து, சிக்குப் பிடித்த தலையை வாரிவிடுகிறாள். கொள்ளையரின் படகுகளை அவளுடைய கரைக்கு அழைக்கும் தீயை மூட்டுகிறவன் அவனேதான். பிறகொரு குளிர்காலத்தில், தாங்கள் தங்கிய இடம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சிற்றூரையே அக்கூட்டம் கொன்று குவிக்கிறது. தவறிப் பிழைத்தவள் ஒரு பெண். இந்தப் பாகத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மருமகன் திருப்பவில்லை.

பாத்திரங்களை எடைபோட்டால், எல்லோரையும் விட ஆழமாகப் படைக்கப்பட்டவன் அஸ்கெலாட்தான். தாய் வேல்ஸ் நாட்டவள், அடிமையாக்கப்பட்டவள். தந்தை அவளைக் கைவிட்ட பிரபு. அந்தத் தந்தையைக் கொன்று வளர்ந்தவன் இவன். பழி தீர்த்தவனுக்கு அதற்குப் பின் என்ன மிஞ்சும் என்பதற்கு அவனே சாட்சியாக எதிரே நிற்கிறான். சிறுவனுக்குத்தான் அது தெரியவில்லை. தோர்கெல் என்றொரு இராட்சதன் வருகிறான். போரை விளையாட்டாக நேசிப்பவன். அவனைச் சிரிப்பூட்டும் ஆளாகக் காட்டியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. மனிதர்களைப் பந்தாடுகிறவனைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது நல்லதன்று. கொலைக்காட்சிகளை அழகுபட வரைய ஓவியர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையும் சில இடங்களில் கதையின் நோக்கத்துக்கே எதிராகிறது. சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இதைத் திறக்கவே கூடாது.

முதல் 24 பாகங்களின் முடிவில் ஸ்வெய்ன் அரசனை அரசவையிலேயே அஸ்கெலாட் வெட்டுகிறான். 1014இல் இறந்த ஸ்வெய்ன் அப்படி மாண்டதாக வரலாறு இல்லை, கதைக்காகச் சேர்த்தது. உடனே இளவரசர் கனூட் அஸ்கெலாட்டைக் குத்திக் கொல்கிறார். பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த தோர்ஃபின் ஓடி வந்து, தான் கொல்ல வேண்டியவன் இறந்துவிடக் கூடாதே என்று கதறுகிறான். எதிரியின் உயிருக்காக அவனைப் போல் அழுதவன் அந்த அவையில் வேறு எவனும் இல்லை.

படம் முடிந்ததும் மருமகன் எழுந்து சென்று தன் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்தான். அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினான். வேனின் எண், ஓட்டுநரின் ஊர், தெரு, அவ்வூருக்குச் செல்லும் பேருந்துகளின் நேரம்.

"இரண்டு தடவை போனேன் மாமா. அவன் வீடு வரைக்கும் போகவில்லை. தெருமுனை டீக்கடை வரைக்கும்தான்."

"போய்?"

"டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவனுக்கு ஒரு சின்னப் பெண் பிள்ளை இருக்கிறது."

வாசகர்களே, எனக்கு உடல் நடுங்கிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் என் முன்னால் உட்கார்ந்து ஓதுகிற பிள்ளை. அவன் அந்தப் பேருந்தில் ஏறியதை நான் அறியவில்லை. அவனுடைய உம்மாவும் அறியவில்லை. கைப்பேசியைப் பறித்த அன்று எனக்குக் கிடைக்காத செய்தி இது.

அடுத்த 24 பாகங்களில் போர் அநேகமாக இல்லை. தோர்ஃபின் டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமை. ஐனார் என்ற இன்னோர் அடிமையோடு சேர்ந்து காட்டை வெட்டித் திருத்திக் கோதுமை விதைக்கிறான். இரவில் அலறி எழுகிறான். கண்ட கனவு நினைவில் நிற்பதில்லை. பிறகு ஒரு நாள் கனவு நிற்கிறது: தான் கொன்றவர்கள் எல்லோரும் தன்னைப் பற்றிக்கொண்டு தொங்குகிறார்கள். கடைசியில், பண்ணையைப் பறிக்க வந்த கனூட்டோடு பேச அனுமதி வேண்டி, ஒரு வீரனின் 100 குத்துகளைத் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்கிறான். மருமகனுக்கு இப்பகுதி சலிப்பாக இருந்ததாம். எனக்கோ, விதைத்தது முளைக்கும் காட்சி முழுத்தொடரிலும் சிறந்தது என்று தோன்றியது. அர்னெய்த் என்ற அடிமைப் பெண்ணை மட்டும், ஆண்கள் பாடம் கற்பதற்காகவே அடித்துச் சாகவிட்டது போலிருந்தது. கதாசிரியர்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் அது.

தொடர் முடிந்த இரவு வஹ்ஷியின் வரலாற்றைச் சொன்னேன். உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்ற அவர், பின்னர் இஸ்லாத்தைத் தழுவி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவர்கள் மன்னித்தார்கள். ஆயினும், உம் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டார்கள். மருமகன் இதை என் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறான். அன்று இடைமறித்தான்.

"மன்னித்த பிறகும் பார்க்கப் பிடிக்காமல் இருக்கலாமா மாமா?"

"இருக்கலாம்."

"நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே."

உண்மைதான். வலியே இல்லாதவன்தான் பொறுமையாளன் என்பது போலல்லவா இரண்டு ஆண்டுகளாக அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்! என் மச்சானின் பெயரைச் சொன்னால் எனக்கே தொண்டை அடைக்கும்; அதை மறைப்பதற்காகத்தான் அவ்வளவு உபதேசம் செய்தேனோ என்னவோ.

இழப்பீட்டு வழக்கு அடுத்த மாதம் தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு வருகிறது. ஓட்டுநரும் வருவார் என்று வக்கீல் சொன்னார். பிள்ளையை அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று தங்கையும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது அவனே வந்து நின்றான்.

"நானும் வருகிறேன் மாமா. அவர் உட்காரும் பக்கம் மட்டும் என்னை உட்கார வைக்காதீர்கள்."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு, மாவட்டத் தலைநகருக்குக் காலை ஆறரை மணிப் பேருந்துக்குப் போக வேண்டுமே, மூன்று பேருக்கும் என்ன கட்டித் தருவது என்று கேட்டாள்.