பேர் சொல்லிக் கூப்பிடு

வகுப்பில் வாய் ஓயாத பையன்கள் கூடைப்பந்து கோர்ட்டுக்குள் கால் வைத்ததும் ஊமையாகிவிடுவார்கள். "பேசுங்கடா, பேசுங்கடா" என்று ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தும் பயிற்சியாளர்களுக்குக் குறைவில்லை. எதை, எப்போது பேசுவது என்று சொல்லித் தந்திருந்தால்தானே பேசுவான்?

பந்து வைத்திருப்பவனைத் தடுக்கிறவனின் கண் எதிராளியின் இடுப்பிலேயே இருக்கும். பக்கவாட்டில் வரும் ஸ்கிரீன், அதாவது அவன் வழியை மறித்து நிற்கும் எதிரணி ஆள், மோதிய பிறகுதான் அவனுக்குத் தெரியும். முன்கூட்டியே பார்ப்பவன், ஸ்கிரீன் போட வருகிறவனைக் காவல் காக்கும் பையன். "ஸ்கிரீன் லெஃப்ட்" என்று இரண்டே சொல்லில் எச்சரிக்க வேண்டியதும் அவன்தான். இதில் நம் பள்ளிகளுக்கே உரிய ஒரு சிக்கல். சொல்ல வேண்டியவன் ஒன்பதாம் வகுப்பு, கேட்க வேண்டியவன் பன்னிரண்டாம் வகுப்பு. "அண்ணா, உங்க லெஃப்ட்ல ஸ்கிரீன் வருதுண்ணா" என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி லே-அப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிக்கொண்டிருப்பான். அதனால் கோட்டுக்குள் அண்ணா கிடையாது, பேர்தான். இதைப் பயிற்சியாளரான நான் சொன்னால் சின்னவனுக்குத் துணிச்சல் வராது. பெரியவனே தோளில் கை போட்டு, "பேர் சொல்லிக் கூப்பிடுடா" என்றால்தான் வரும். கோட்டைத் தாண்டியதும் மறுபடி அண்ணன்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பேச்சைப் பழக்க, ஷெல் டிரில் என்ற தடுப்பாட்டப் பயிற்சி உண்டு. அதில் நாலு பேருக்கு நாலு பேர். பந்து கைமாறும்போதெல்லாம் தடுக்கும் நால்வரும் "பால்", "ஹெல்ப்" என்று தத்தம் வேலையை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பந்தைப் பறித்தாலும் கணக்கில் வராது. ஆட்டத்தில் கூடைக்கு அடியில் நிற்கும் நெட்டையனுக்குத்தான் கோர்ட் முழுக்கத் தெரியும். வம்பு என்னவென்றால், அணியிலேயே பரம சாது பெரும்பாலும் அவன்தான். அவன் வாயைத் திறக்க ஒரு சீசனே ஆனாலும் பொறுத்திருப்பேன்.

அணி ஒற்றுமைக்கென்று ஒன்றாகச் சுற்றுலா, ஒரே நிறப் பை இவற்றிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கூடை விழுந்ததும், பாஸ் கொடுத்தவனை நோக்கி விரல் நீட்ட வேண்டும் என்பது டீன் ஸ்மித் தன் ஆட்டக்காரர்களுக்குப் பழக்கிய வழக்கம். 1961 முதல் 1997 வரை வட கரோலினா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். காசு செலவில்லாத அந்த விரலை எங்கள் பையன்களும் நீட்டுகிறார்கள்.

முதல் பாதியில் நம் பெஞ்ச் பக்கத்துக் கூடையைத்தான் காக்கிறோம். நான் கத்துவது காதில் விழும். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறிவிடும். கோர்ட்டின் நீளம் 28 மீட்டர், சுற்றிலும் கூச்சல், மறுமுனையில் அவர்களாகவே பேசிக்கொண்டால்தான் உண்டு. அதனால் பயிற்சியின் கடைசிப் பகுதியில் நான் எதிர்முனைக்குப் போய் வாய் மூடி நிற்பேன். டைம் அவுட்டில் கிடைக்கும் 60 விநாடியிலும் முதலில் பேசுவது அவர்கள். மீதி இருந்தால் நான்.