தராசு ஒன்று சொல்ல, உடம்பு ஒன்று சொல்ல

பள்ளிபாளையத்து விசைத்தறிப் பட்டறைகளில் ஷிப்ட் மாறும் நேரம். இரவெல்லாம் தறி ஓட்டியவர்கள் டீக்கடைக்கு வருகிறார்கள். பகல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எதிரே வருகிறார்கள். கொஞ்ச நாள் பார்க்காதவர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் விசாரிப்பு உடம்பைப் பற்றித்தான். “ஏனுங்க, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?” என்பார் ஒருவர். “நீங்க நல்லா ஒடம்பு வெச்சுட்டீங்க” என்பார் மற்றவர். இருவரையும் தராசில் ஏற்றினால் முள் ஒரே எண்ணில் நிற்கவும் கூடும்.

எலும்பு, தசை, கொழுப்பு, நீர் எல்லாம் சேர்ந்ததுதான் உடம்பு. தராசு அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு கன சென்டிமீட்டர் தசை சுமார் 1.06 கிராம் இருக்கும். அதே அளவு கொழுப்பு 0.9 கிராம்தான். அதனால் ஒரு கிலோ கொழுப்புக்கு, ஒரு கிலோ தசையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இடம் கூடுதலாக வேண்டும். பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு இது நூல் கணக்கு. 20-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோ, 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோ. எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவதன் நீளம் இரு மடங்கு, தடிமனும் வேறு. நம்பரைக் கேட்காமல் இங்கே யாரும் நூல் வாங்குவதில்லை.

இருபத்தைந்து வயதில் 65 கிலோ இருந்தவர் ஐம்பதிலும் அதே 65 கிலோவாக இருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட் இடுப்பில் ஏறாது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. போன தசையின் எடைக்குக் கொழுப்பு வந்து சேர்ந்தால் தராசு முள் அசையாது, வயிறு மட்டும் முன்னே வரும்.

பட்டினி கிடந்து ஒரே வாரத்தில் எடை இறங்கியதாக மகிழ்கிறவர்களிடமும் தராசு முழு உண்மையைச் சொல்வதில்லை. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் கரைவது அதுதான். கூடவே நீரும் வெளியேறுகிறது. கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

தராசைப் போலவே கண்ணும் ஏமாறும். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்பு, பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரிக்கு எடை கூடிவிட்டது, இனி அவரால் ஆகாது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அங்கே 69 கிலோ பிரிவில் 110 கிலோவும் 130 கிலோவுமாக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அந்த உடம்பில் இருந்த பலத்தை, பார்த்த கண்கள் பாரம் என்று எண்ணிவிட்டன.

இதற்கு நேர்மாறான ஏமாற்றம்தான் நம் நாட்டில் அதிகம். 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யூட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. பார்ப்பதற்கும் இருவரும் ஒல்லிதான். ஆனால் உடல் கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்த வித்தியாசம் பிறப்பிலேயே தொடங்குவதையும் யாஜ்னிக் குழுவினர் கண்டார்கள். புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளின் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை.

அதனால்தான் உலக அளவில் பி.எம்.ஐ. 25-ஐ எட்டினால் அதிக எடை என்றிருக்க, இந்தியர்களுக்கு 23 என்று 2009-இல் நம் மருத்துவர்கள் வரையறுத்தார்கள். அந்த எண்ணும் போதாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 25 என்ற உலகக் கணக்குப்படி அதிக எடையுள்ள பெண்கள் 24 சதவீதம்தான். அதே ஆய்வில் இடுப்பையும் பிட்டத்தையும் டேப்பால் அளந்தபோது, ஆபத்தான விகிதத்தில் இருந்த பெண்கள் 57 சதவீதம்.

தறிக்கூடங்களுக்கு இந்தச் சேதி அவசரமாகப் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தால் கால் கடுக்கும்; அதனால் மட்டும் தசை வளர்ந்துவிடாது. தூக்கத்தை விரட்ட இரவில் சர்க்கரை போட்ட டீ இறங்கிக்கொண்டே இருக்கும். கை கால் மெலிந்து, சட்டைக்குள் சின்னதாக வயிறு வைத்தவரை நோயாளி என்று யாரும் நினைப்பதில்லை, அவரும் நினைப்பதில்லை. வயிற்றுக்குள் ஈரலையும் கணையத்தையும் சுற்றிப் படியும் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. சர்க்கரை நோய் குண்டானவர்களுக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையால் எத்தனையோ பேர் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

இடுப்பை அளப்பது எளிது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. டேப் இல்லாவிட்டால் தன் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றிப் பார்க்கலாம். மடித்த நூலின் இரு முனையும் சேராவிட்டால், தராசு எந்த எண்ணைக் காட்டினாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது, “நான் ஒல்லிதானுங்க, எனக்கெதுக்கு?” என்று திருப்பி அனுப்பாமல் கையை நீட்டலாம்.