பதினாலில் கழிக்க மறந்தவன்

மட்டன் குழம்பை நம்பித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தக்கலைக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். இலை போடுவதற்குள் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் நோட்டை நீட்டிவிட்டாள்.

"மாமா, இந்த பஃபர் கணக்கு வரல்ல."

0.1 மோலார் அமோனியம் ஹைட்ராக்சைடு, 0.2 மோலார் அமோனியம் குளோரைடு. கலந்தால் பி.எச். என்ன?

அடியேன் பி.காம். ஆனால் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தவன். (அதனால்தான் பி.காம். என்பது வேறு விஷயம்.) பி.எச். என்ற கணக்கை 1909-ல் உண்டாக்கிய ஸோரன்ஸன் வேலை பார்த்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆர்வமாகப் படித்திருப்பேன்!

ஃபார்முலா எப்படியோ ஞாபகம் வந்தது. உப்பைக் காரத்தால் வகுத்தால் 2. அதன் லாக் 0.30. அமோனியாவின் பி.கே.பி. 4.75. கூட்டினேன்.

"எழுதிக்கோ, 5.05."

"ஏழுக்குக் கீழன்னா ஆசிட்டுல்லா மாமா?"

திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார். எட்டாங்கிளாஸ், ரப்பர் பால் வெட்டு.

"அமோனியா ஆசிட்டா? டே, அப்பிடீன்னா எனக்க பாலெல்லாம் வாளியிலேயே உறைஞ்சிருக்குமே!"

எனக்கு வியர்த்தது. அத்தான் சொன்னது நூற்றுக்கு நூறு. சிரட்டையில் வடிந்த பாலில் பாக்டீரியா புகுந்து புளிப்பேற்றும், பி.எச். 5-க்குப் பக்கம் இறங்கினால் பால் உறைந்துவிடும். ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவது அந்த உறைதலுக்காகத்தான். உறையாமல் பாலாகவே விற்க வேண்டுமென்றால் அமோனியா. ஊறிவரும் அமிலத்தை அது பிடித்து உப்பாக்கிவிடும். அந்த உப்பும் மிச்ச அமோனியாவும் சேர்ந்தால்? அதேதான், பஃபர்! எங்கள் பாஷையில் ரிசர்வ் ஃபண்ட். சில்லறைச் செலவுக்கெல்லாம் பேலன்ஸ் ஆடாது.

நான் கண்டுபிடித்தது பி.எச். அல்ல, பி.ஓ.எச். அதை 14-ல் கழிக்க வேண்டும். 8.95. காரம்தான்.

அன்றைக்குப் பரீட்சை ஹாலிலும் இதே இடத்தில்தான் கழிக்காமல் அடிக்கோடு போட்டுவிட்டு வந்தேன். என்ஜினீயரிங் கனவில் இருந்த அப்பாவிடம், கேள்வியே சிலபஸில் இல்லை என்று சாதித்தேன். கடைசிவரை அவர் அதை நம்பினார்.

அவள் அழித்துவிட்டு 8.95 எழுதினாள்.

"ஒங்களுக்கு பிளஸ் டூவுல கெமிஸ்ட்ரி எத்தனை மார்க் மாமா?"

"அக்கா, இலை போட்டாச்சா?" என்று எழுந்தேன்.