அப்பா விட்டுப்போன சண்டை

1935-இல் வந்த ‘தி கோஸ்ட் கோஸ் வெஸ்ட்’ படத்துப் பேயைப் பார்த்து ஒரு குழந்தைகூட அழாது. பிரெஞ்சுக்காரரான ரெனே க்ளேர் ஆங்கிலத்தில் எடுத்த முதல் படம் அது. பேயும் ராபர்ட் டோனட்தான், பேயின் வம்சத்தில் வந்த வாரிசும் அவரேதான். எனக்கு எழுபது கடந்த பிறகு இந்தப் படத்தில் சிரிப்பைவிட வேறொன்று பிடிபடுகிறது. அதில் வரும் அப்பாவைத்தான் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் க்ளோரி, மக்லகன் என்று இரண்டு குலங்கள். பார்த்தால் வெட்டு, பேசினால் குத்து. கிழட்டு க்ளோரி சாகும் தறுவாயிலும் மகன் முர்டாக்கைச் சண்டைக்கு ஏவுகிறார். முர்டாக்குக்கோ சண்டையில் நாட்டமே இல்லை. பெண்களிடம் விடுகதை போட்டு, தோற்றால் முத்தம் கேட்கும் ஆள். மக்லகன்கள் துரத்தவே வெடிமருந்துப் பீப்பாயின் பின்னால் போய் ஒளிகிறான். அது வெடிக்கிறது. செத்தபிறகாவது விட்டாரா தகப்பனார்? மேலிருந்து கட்டளை: ‘ஒரு க்ளோரி ஐம்பது மக்லகனுக்குச் சமம் என்று ஒரு மக்லகன் வாயாலேயே சொல்லவை. அதுவரை கோட்டையில் பேயாகச் சுற்று.’ அப்பா மேலே சௌக்கியம். மகன் கீழே ராத்திரி ராத்திரி நடக்கிறான், இருநூறு வருஷம்.

கடைசி வாரிசு டொனால்டுக்கு மக்லகனெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவனுக்குக் கழுத்தைப் பிடிப்பது கடன். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இங்கேதான். அமெரிக்க மளிகைக்கடை முதலாளி ஒருவர் கோட்டையை விலை பேச வருகிறார் என்றதும், பாக்கிக்காக வாசலில் கிடந்த கடைக்காரர்களே வேலையாட்களாக வேஷம் கட்டி விருந்து பரிமாறுகிறார்கள். கோட்டை விலைபோனால்தானே இவர்கள் பணம் கைக்கு வரும்! பகையைவிடப் பாக்கி எவ்வளவோ நாகரிகமானது. அதைத் தீர்க்க எல்லோரும் ஒத்துழைக்கிறார்கள்.

முதலாளி கோட்டையைக் கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோகிறார். பேயும் கூடவே போகிறது. இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் 1925-இல் ஸ்பெயினில் ஒரு 12ஆம் நூற்றாண்டு மடாலயக் கட்டடத்தை வாங்கி, எண் போட்டுப் பிரித்து, சுமார் 11,000 பெட்டிகளில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் திணித்திருந்த வைக்கோலில் கோமாரி வந்துவிடுமோ என்று அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து வைக்கோலைக் கொளுத்தினார்கள். கல்லைத் திரும்ப வைத்தபோது பெட்டி மாறிப்போயிற்று. 26 வருஷம் கிடங்கில் கிடந்து, ஹெர்ஸ்ட் இறந்தபிறகு, 1950களில் அதே ஃபுளோரிடாவில்தான் அது எழுந்தது. கல்லைக் கொண்டுபோவதற்கு இவ்வளவு பாடு. பகைக்குப் பெட்டியும் வேண்டாம், சுங்கச் சோதனையும் கிடையாது. யாரும் வழிமறிப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பத்திரிகை வைக்கும் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பேர் மட்டும் வராது. பொதுக்கிணற்றில் யார் முறை என்பதில் தாத்தா காலத்தில் வந்த தகராறாம். பம்ப்செட் வந்தது, கிணறே தூர்ந்தது. ஆனாலும் அந்தப் பேர் வராது. யாரும் கோபமாகக்கூட இல்லை, பழக்கமாகிவிட்டது. அந்தத் தலைமுறைக்காவது ராத்திரி தண்ணீருக்குக் காத்திருந்த கோபம் இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? சொத்தைப் பாகம் பிரிக்கும்போது வரப்பு, வேலி, தென்னை என்று ஒவ்வொன்றாக எழுதுகிறோம். இதை யாரும் எழுதுவதில்லை. எழுதாமலே சரிபாதியாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

படத்தில் தீர்வு வரும் விதம் அலாதி. ஃபுளோரிடாவில் கோட்டையைத் திரும்பக் கட்டி, ஸ்காட்லாந்துப் பாவாடை உடுத்திய ஜாஸ் குழுவை வாசிக்க விட்டுத் தடபுடலாக விருந்து. முதலாளியின் போட்டிக்காரர் பிகலோ என்பவர் மக்லகன் வம்சம் என்று அங்கே தெரியவருகிறது. பேய் விடுமா? துரத்திப் பிடித்து மண்டியிடவைத்து, சொல்லவேண்டியதைச் சொல்லவைத்துவிடுகிறது. பயத்தில் அவர் எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். இருநூறு வருஷ மானம் ஒரு வரியில் மீட்கப்படுகிறது, அதுவும் அந்தச் சண்டையை நேரில் கண்டிராத ஒருவரிடமிருந்து. கிழட்டு க்ளோரிக்கு அது போதுமாம்.

போன மாதம் பேத்தி நிச்சயத்துக்குப் பட்டியல் போட்டபோது கிணற்றுக் கதையை அவளிடம் சொன்னேன். “நியாயம் யார் பக்கம் தாத்தா?” என்று கேட்டாள். எனக்கு ஒரு கட்சி உண்டு, சின்ன வயசிலேயே ஊட்டியதுதான். அதைச் சொல்லவில்லை. “அவங்க வீட்டு அட்ரஸ் உன் அப்பனுக்குத் தெரியும், கேட்டு எழுதிக்கோ” என்றேன்.