மலையின் பெயர் கொண்ட வண்டி

என் தகப்பனார் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஜீப்பை முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவர். அவருடைய பிள்ளையாகிய எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு குறையா என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம்.

சென்ற வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். எழுபத்தெட்டு வயதில், வலது கண் மங்கிய பிறகும், அவர் தம்முடைய பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு சேலத்திலிருந்து கரடியூர் வரை தனியாகப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் சாவியை எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. சாவி எங்கே என்று கேட்கவும் இல்லை. என்னோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டார். கோபித்துக் கத்துகிறவருக்குப் பதில் சொல்லலாம். பேசாமல் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வது?

இந்த நிலைமையில்தான் பெங்களூர் ஸ்நேகிதர் ஒருவர் புதுக் காருடன் வந்து இறங்கினார். ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.11. அது 2016-ல் வெளிவந்த ரகம். நீண்ட மூக்கு, அதற்குள்ளே பன்னிரண்டு சிலிண்டர், 5.2 லிட்டர் எஞ்சின். கியர்ப் பெட்டியோ பின் சக்கரங்களுக்கு நடுவில். முன்பாரமும் பின்பாரமும் ஒத்திருக்க இந்த ஏற்பாடாம். மணிக்கு 320 கிலோமீட்டர் போகுமாம். 'கிராண்ட் டூரிங்' என்று இந்த ஜாதிக்குப் பெயர். பந்தயக் காரின் வேகத்தையும், பெட்டி படுக்கையோடு தூரதேசம் போகும் சௌகரியத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

"ஏற்காட்டுக்குப் போய் வரலாம். ஐயா முன்னால் உட்காரட்டும்" என்றார் ஸ்நேகிதர். அப்பா மறுக்கவில்லை. பின் ஸீட்டிலும் இரண்டு பேர் உட்காரலாம் என்பது எழுத்தளவில்தான். முழங்காலை மோவாய்க்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நான் ஒருவன் மலையேறினேன்.

வழியில் ஒரு வேகத்தடை. வண்டியின் வயிறு 'கிறீச்' என்றது. ஸ்நேகிதர் முகம் வெளுத்துவிட்டது. "நேரா ஏத்தாதீங்க தம்பி, சாய்ச்சு ஏத்துங்க. ஒவ்வொரு சக்கரமா ஏறட்டும்" என்றார் அப்பா. அடுத்த தடையில் வயிறு தப்பியது.

கொண்டை ஊசி வளைவுகள் இருபது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ். முந்நூற்றிருபது கிலோமீட்டர் வேகம் அந்த பஸ்ஸின் பின்னால் கைகட்டி நடந்தது. பொழுது போக ஸ்நேகிதர் காரின் பூர்வோத்தரத்தைச் சொன்னார். லியோனல் மார்ட்டினும் ராபர்ட் பாம்போர்டும் 1913-ல் தொடங்கிய கம்பெனி அது. ஆஸ்டன் என்பது இங்கிலாந்தில் ஒரு குன்று. அதன் மேல் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் மார்ட்டின் ஓட்டியிருக்கிறார்; இரண்டு பெயரையும் சேர்த்து வண்டிக்கு வைத்துவிட்டார். டி.பி. என்பது டேவிட் பிரவுன். 1947-ல் கம்பெனியை வாங்கியவர். கியரும் டிராக்டரும் செய்தவர்.

"டிராக்டர்காரரா?" என்று நிமிர்ந்தார் அப்பா. "அப்படின்னா கியர் நல்லாத்தான் இருக்கும்!"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்துக் கேட்டேன்.

ஏற்காட்டைத் தாண்டிக் கரடியூர்ப் பாதையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் காப்பிச் செடி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. ஒரு குறுகலான திருப்பத்தில் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வந்தது. ஸ்நேகிதர் ஒதுங்கி வழிவிட்டார். அப்பாவின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. மிதித்தது சற்றுத் தாமதமாகத்தான் என்பதை நான் கவனித்தேன்.

காட்சி முனையில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே சமவெளி மங்கலாகப் பரந்து கிடந்தது. ஸ்நேகிதர் திடீரென்று சாவியை நீட்டினார். "ஐயா, கொஞ்ச தூரம் நீங்க ஓட்டுங்க."

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்பா ஓட்டுநர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தார். அந்த நீண்ட மூக்குக்கு அப்பால் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிவிட்டார்.

"வேண்டாம் தம்பி. அந்த மினி பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியலை."

சொன்னது ஸ்நேகிதரிடம். கேட்க வேண்டியவன் நான். ஜெயித்தவனுக்கு உண்டாகும் சந்தோஷம் எனக்கு உண்டாகவில்லை. மிளகுக் கொடியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிரவு எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா மேஜையருகே வந்து நின்றார்.

"ஜீப்பைச் சும்மா போட்டு வெச்சா பாட்டரி செத்துப்போகும். வாரம் ஒரு தடவை எடுக்கணும்."

"யார் எடுக்கிறது?"

"நீதான்."

"எனக்கு ஓட்டத் தெரியாதேப்பா."

"அதான் நான் இருக்கேனே."

டிராயரைத் திறந்தேன்.

பழகுநர் உரிமம் வாங்கி நாலு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. நான் கிளச்சை விடுகிற விதம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தெருவே கேட்கும்படி திட்டுகிறார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!