ஸ்டாக் என்று விற்கப்பட்ட கார்

ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் என் வயதுக்காரர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஃபெராரியும் இல்லை, போர்ஷேயும் இல்லை. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐதான். 1990களின் கடைசியில் வந்த மூன்று கதவு வண்டி. 1,834 சிசி இஞ்சின், 140 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸில் பெரும்பங்கை வாங்கியிருந்தது. அந்த உறவில் இந்த வண்டியின் சஸ்பென்ஷனை லோட்டஸ்காரர்கள் பதம் பார்த்துக் கொடுத்தார்கள். 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்ற சின்ன எழுத்தை வண்டியில் பார்த்துப் பார்த்தே நாங்கள் பள்ளிக்கூடம் முடித்தோம்.

என் ஆசையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேகம் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. பத்துப் பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது சின்ன ஆசை இல்லை. துரையின் ஜீப் வந்தால் சைக்கிளோடு செம்மண் ஓரத்தில் இறங்கி நின்ற மனிதரின் பிள்ளை நான். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயிலுக்குக் கூட்டம் திரளும்போது, சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் காடிகளில் ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும். பானெட் திறந்திருக்க வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை என்பதுபோல் நிற்க வேண்டும். பத்துபெரெண்டம் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணமும், அம்மா கூட்டுப் போட்டு எடுத்த பணமும் இதற்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தன. வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டதால் பேங்க் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கையில் இருப்பதைக் கொண்டுதான் வாங்க வேண்டும்.

வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றே: ஸ்டாக்கா, மாடியா? கம்பெனி கொடுத்தபடி இருக்கும் வண்டியா, கைவைத்த வண்டியா?

நம் நாட்டில் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் உண்டு. புரோட்டோனின் வீரா, சத்ரியா, புத்ரா மூன்றுமே 1990களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி லான்சரின் அடிக்கட்டுமானத்தில் செய்தவை. லான்சரின் இஞ்சினும் கியர்பாக்ஸும் இவற்றில் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானில் பழைய வண்டியைச் சாலைப் பரிசோதனையில் தேற்றிக்கொண்டிருப்பது செலவு பிடிக்கும் வேலை என்பதால், நன்றாக ஓடும் கார்களையே பலர் கைகழுவிவிடுகிறார்கள். அவற்றின் முன்பாதியை மட்டும் அறுத்துக் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்புவார்கள். இதுதான் ஹாஃப் கட். இஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் ஒரே துண்டில் வரும். கிள்ளான் பக்கம் போனால் இப்படிப்பட்ட முகமில்லாத உடல்களும் உடலில்லாத முகங்களும் கடை கடையாகக் கிடக்கும்.

லான்சர் ஜிஎஸ்ஆரில் இருந்த டர்போ இஞ்சினுக்கு 195 குதிரைத்திறன். 2002இல் நம் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் ஓட்டி உலக ராலியின் புரொடக்ஷன் பிரிவில் சாம்பியன் ஆனார். அந்த பெர்ட், புரோட்டோன் சின்னம் குத்திய லான்சர் எவோதான். அதற்குப் பிறகு சாதாரண வீராவின் மூக்கில் எவோ பம்பர் மாட்டாத பட்டணம் இந்த நாட்டில் இல்லை. அலோர்காஜாவில் வீரா டாக்சி ஒன்றிலேயே எவோ ஸ்பாய்லரைப் பார்த்திருக்கிறேன்.

ரோட் டெக்ஸும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தீபகற்பத்தில் தனியார் காருக்கு வரி குதிரைத்திறனுக்கு இல்லை, சிசிக்குத்தான். ஜிடிஐக்கு ஆண்டுக்கு 297 வெள்ளி. அதில் ஜிஎஸ்ஆர் டர்போவை இறக்கினாலும் அதே 1,834 சிசிதான், அதே 297 வெள்ளிதான். எவோவின் இரண்டு லிட்டர் இஞ்சினை இறக்கினால் 378 வெள்ளி 50 காசு. ஆனால் 1.3 லிட்டர் சத்ரியாவின் வரி 70 வெள்ளி, 1.6க்கு 90 வெள்ளி. ஆகவே என்ன நடக்கும்? சின்னச் சத்ரியாவை மலிவாக வாங்கி, ஜிடிஐ பம்பர் மாட்டி, டர்போவும் இறக்கி, கிரான் என்ற வண்டிப் பதிவுச் சான்றிதழில் மட்டும் பழைய நம்பரை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கு இருநூறு வெள்ளி மிச்சம். விபத்து நடக்கும்வரை எல்லாம் நலமே.

நான் முதலில் பார்த்தது மலாக்கா பட்டணத்தை ஒட்டிய ஒரு பழைய கார் கடையில் நின்ற வெள்ளை ஜிடிஐ. 'ஃபுல் ஸ்டாக், ஒன் ஓனர்' என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. மெழுகு போட்டு மின்ன வைத்திருந்தார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு ஸ்போர்ட்ஸ் கார் தெரியாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே தோட்டப் பட்டறையில் டிராக்டர் பிரித்துப் பூட்டியே ஓய்வுபெற்றவர். இரும்பு தெரியும்.

போனவுடன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு. நாங்கள் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே இஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சினைத் திருகும்போதுதான் அதன் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும் என்பதால், இது முதல் குறி. அப்பா எதுவும் சொல்லவில்லை. டார்ச் லைட்டை வாங்கி, முன் பம்பரின் கீழ்வாய் வழியாக அடித்தார். தரையில் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

பம்பர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மோதலைத் தாங்க ஒரு இரும்புச் சட்டம் குறுக்கே போகும். அதன் நடுவில், கீழ்ப்பாதி இல்லை. இரண்டு முனையிலும் கோடு கோடாக கிரைண்டர் வட்டின் பல்தடம். வெட்டிய விளிம்பில் துரு பொரிந்திருந்தது. கறுப்பு ஸ்ப்ரே அடித்து மறைத்திருந்தார்கள், ஆனால் துரு வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"இது எதுக்குடா வெட்டுவாங்க?" என்றார் அப்பா.

எனக்குத் தெரியும். டர்போவின் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் பெட்டியை அங்கே உட்கார வைக்கத்தான். அதாவது இந்த 'ஃபுல் ஸ்டாக்' வண்டி ஒரு காலத்தில் டர்போ வண்டி. நன்றாக ஓட்டித் தள்ளிவிட்டு, டர்போவைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, எங்கிருந்தோ ஒரு சாதாரண இஞ்சினை மாட்டி, மெழுகு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இஞ்சின் நம்பரைக் கிரானோடு வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கிரான் தவுக்கேயின் வீட்டில் இருக்கிறது என்றார் விற்பவர். தவுக்கே எங்கே? அவர் வெளியூர். இப்படியே போனது.

இரண்டாவது, மெர்லிமாவில் ஒருவர் வைத்திருந்த கறுப்பு ஜிடிஐ. இது பச்சையாகவே மாடி. ஜிஎஸ்ஆர் டர்போ, பெரிய ரேடியேட்டர், பிரேக் எல்லாம் மாற்றியது. அந்த அண்ணன் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். நாங்கள் போய் உட்கார்ந்ததும் முதலில் தேநீர் வரவில்லை, ஒரு தடித்த ஃபைல்தான் வந்தது. ஹாஃப் கட் வாங்கிய ரசீது, பூஸ்பகோம் சோதனைத் தாள், ஜேபிஜேயில் புது இஞ்சின் நம்பர் ஏற்றிய கிரான், எந்த மாதம் எந்த ஆயில் ஊற்றினார் என்று கைப்பட எழுதிய நோட்டு. இஞ்சின் குளிர்ந்திருந்தது. நம்பரைக் காட்ட அவரே டார்ச் அடித்தார். ரசீதுகளைக் கூட்டினால் அவர் கேட்ட விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. கைவைத்த வண்டியில் போட்ட காசு திரும்ப வராது என்பதை அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். வாங்குகிறவனுக்கு அது லாபம்.

ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டக் கொடுத்தார். டர்போ பிடிக்கும் கணத்தில் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா "ம்ம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. இதுதான் என் காடி என்று முடிவே செய்துவிட்டேன்.

வீடு திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன். "நல்ல வேல. சுத்தமான கை," என்றார். பிறகு, "ஆனா அது அவன் காலுக்குத் தச்ச செருப்புடா. ரிப்பேர் வந்தா அவன்கிட்டதான் கேக்கணும். வேற எந்த ஃபோர்மேனுக்கும் அந்த வயரு எங்க போவுதுன்னு தெரியாது."

அதற்கு நான் காட்டிய கோபத்தை இங்கே எழுதினால் அப்பாவுக்குச் சங்கடம். அடுத்த வாரம் இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பார்த்தபோது கோபம் இறங்கியது. மாற்றங்களை முழுக்கச் சொன்னால்தான் காப்புறுதி நிற்கும் என்றார் அவர். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்கும் கேள்விகளுக்கு உண்மையை மறைக்காமல் பதில் சொல்லும் கவனம் பாலிசி எடுப்பவரின் கடமை. சொன்னால் பிரீமியம் ஏறலாம், கம்பெனி வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்லாமல் விட்டால் விபத்தன்று கைவிரிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதச் சொல்லித் தாளை நீட்டினார். மெர்லிமா அண்ணனின் ஃபைல் இல்லாமல் என்னால் அந்தத் தாளில் நான்கு வரிகூட நிரப்ப முடியவில்லை. நான் வாங்கப்போகிற வண்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. சத்தம் மட்டும் மனப்பாடம்.

கடைசியில் வாங்கியது மஸ்ஜித் தானாவில், ஓய்வுபெற்ற தோட்ட டிரெஸ்ஸர் ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில் நின்ற நீல வண்டி. கூரையில் கிளியர் கோட் உரிந்து, தோல்நோய் வந்ததுபோல் இருந்தது. சீட் துணி வெயிலில் வெளுத்திருந்தது. ஆனால் பம்பருக்குப் பின்னால் சட்டம் முழுசாக இருந்தது. கதவு ரப்பரில் பெயிண்ட் படியவில்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே கூடுதலாக ஒரு வயரும் தொங்கவில்லை, கிரானும் இஞ்சினும் ஒரே நம்பரைச் சொல்லின. விலை மற்ற இரண்டையும்விடக் குறைவு. மினுக்காத வண்டியை யாரும் கேட்டு வரவில்லையாம்.

மிச்சப் பணம் முழுக்க யார் கண்ணுக்கும் தெரியாத இடங்களுக்குப் போனது. முதலில் டைமிங் பெல்ட். இந்த இஞ்சினில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், தலை போய்விடும். அதோடு வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஆயில், காலடி புஷ்கள், நல்ல டயர் நான்கு. ஸ்பிரிங்கைத் தொடவில்லை. ஜிடிஐ வாங்குகிற பையன்கள் முதல் மாதமே செய்வது ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துவதுதான். லோட்டஸ்காரன் பாடுபட்டுச் செய்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, அவன் பெயர் போட்ட ஸ்டிக்கரை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்கள். செம்பனைக் குலை லாரி ஓடிக் குழிவிழுந்த எங்கள் தோட்டச் சாலையிலும், தாமானுக்குத் தாமான் போட்டிருக்கும் மேட்டிலும் அந்தத் தாழ்ந்த வண்டிகள் வயிறு தேய்த்துக்கொண்டு போவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அந்த ஆண்டு மாசி மகத்துக்கு நீல வண்டியில்தான் போனேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பையன் மட்டும் வந்து, "அங்கிள், கொஞ்சம் முன்னால தள்ளிப் போடுறீங்களா? நம்ம கூட்டாளி காடி வருது" என்றான். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. தள்ளிப் போட்டேன். பின்னால் உறுமிக்கொண்டு வந்தது கறுப்பு ஜிடிஐ ஒன்று. மெர்லிமா வண்டிதானா என்று நம்பரைப் பார்த்தேன், இல்லை. அன்றைக்கு முகம் சுருங்கியது இன்னும் முழுக்க நிமிரவில்லை. ஸ்டாக் வாங்கியது புத்திசாலித்தனம் என்று நண்பர்களிடம் பேசுகிற நான், சாலையில் டர்போ சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

இருந்தாலும் என் தீர்ப்பு மாறவில்லை. தினமும் வேலைக்குப் போக, ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஸ்டாக் வாங்குங்கள், அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு வண்டியும், நீங்களே ஸ்பேனர் பிடிக்கும் பழக்கமும் இருந்தால் மாடி வாங்கலாம். ஆனால் மாற்றியவரிடமே நேராக வாங்க வேண்டும், ஃபைலோடு வாங்க வேண்டும். மாற்றிவிட்டுப் பழையபடி ஆக்கிய வண்டியை மட்டும் எந்த விலைக்கும் தொடாதீர்கள். சந்தையில் 'ஃபுல் ஸ்டாக்' என்று நிற்பவற்றில் அப்படிப்பட்டவையும் கலந்திருக்கின்றன.

காலையில் போங்கள், இஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு டார்ச்சும், இரும்பு தெரிந்த ஒரு பெரியவரும் கூட இருக்கட்டும். பெயிண்ட்டைக் கடைசியாகப் பாருங்கள், கிரானை முதலில் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்குகிறவர் கொடுக்கும் தே தாரேக்கைக் குடித்துவிட்டு, முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.