ஆணி இல்லாத செருப்பு

வேலூர்ப் பக்கம், தொழுநோய் மருத்துவமனை ஒன்றின் செருப்புப் பட்டறை. பசை வாடையும் ரப்பர்த் தூளும் கலந்த அந்த அறையில், பட்டறைக்காரர் ஒரு ஜோடியைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"ஒரு ஆணிகூட இருக்காது, பாருங்க சார். ஒட்டறது, தைக்கறது, அவ்வளவுதான். ஆணி ஏறினா இவங்களுக்கு வலிக்காது. தரையில ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும்."

உள்ளே மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் (எம்.சி.ஆர்.) ரப்பர். கட்டைவிரலால் அழுத்தினால் குழிந்து, மெல்ல எழும்புகிறது. எதிரே ஓர் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, பாதத்தில் எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்று பட்டறைக்காரர் தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

தொழுநோயாளிகளுக்கு வலி தெரியாததே புண்ணுக்குக் காரணம் என்பதை உலகுக்கு நிறுவிக்காட்டிய மருத்துவர் பால் பிராண்ட் இந்த வேலூரில்தான் வேலை பார்த்தார். 1914-இல் பிறந்தவர், பால்யம் கொல்லிமலையில். மிஷனரியான தந்தை மலைமக்களுக்குப் பல் பிடுங்குவார், சீழ்க்கட்டிகளைக் கீறிவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு மருத்துவம் என்றாலே குமட்டல். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்ததும் அவர் போனது கட்டட வேலைக்கு. தச்சும் கொத்து வேலையும் சில ஆண்டுகள் முறையாகக் கற்றார்.

மனம் மாறியது ஒரு மருத்துவமனை வார்டில். மிஷனரிகளுக்கான அடிப்படை வைத்தியப் பயிற்சியில் இருந்தபோது, ரத்தம் இழந்து வெளிறிப்போன இளம்பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். உயிர் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. ரத்தம் ஏற்ற ஏற்ற கன்னத்தில் நிறம் திரும்பியது. அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். குமட்டல் அன்றோடு போயிற்று. லண்டனில் மருத்துவம் படித்து, போர்க்காலத்தில் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்து கை பழகி, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இறுகி அவருக்கே வலித்தது. விரல்தான் மடங்கியிருக்கிறது, முன்கைத் தசை நன்றாகவே இருக்கிறது! அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டலாமே. 1948-இல் தொடங்கிய அந்த அறுவை, மடங்கிய கைகளை விரிய வைத்தது. எது உளுத்தது, எது இன்னும் பாரம் தாங்கும் என்று மரத்தைத் தட்டிப் பார்ப்பவன் தச்சன். அந்தக் கண்தான் இங்கும் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

கை நேரானவர்களில் ஒருவர், இந்தக் கைக்குப் பிச்சை சரியாக விழுவதில்லை என்று திரும்பி வந்து குறைப்பட்டார். பிராண்ட் கலங்கிப்போனார். இப்படிப்பட்டவர்கள் தொழில் கற்றுப் பிழைக்க வேலூரில் நவ ஜீவ நிலையம் எழுந்தது. மருத்துவரே தச்சு கற்றுக்கொடுத்தார். அங்கே மரப்பொம்மைகள் செய்தார்கள். உணர்வற்ற உள்ளங்கையில் சுத்தியல் பிடியும் புண்ணாக்கும் என்று கண்டு, பிடிகளையே மாற்றி அமைத்தார்.

அன்று பட்டறையில் இருந்த அந்த அம்மா, தொழுநோய்த் தேமலைப் பல வருஷம் புடவைத் தலைப்பால் மறைத்திருக்கிறார். உணர்ச்சியற்ற தேமல் யார் உடம்பில் தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். கூட்டு மருந்து இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும்.